சேரியும் லயமும்

ஆங்கிலேயர் காலத்துப் பண்ணை வாழ்வைப் பேசும்போது நிலவரியும் விளைச்சலும் முன்னால் வந்து நிற்கும். அங்கே உழைத்த குடும்பங்கள் பின்னால் போய்விடும். அப்படிப்பட்ட இரண்டு குடும்பங்களை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, செங்கல்பட்டு மாவட்டத்து மிராசுதார் நிலத்தில் பாடுபட்ட படியாள், அதாவது கட்டுண்ட பண்ணையாள், குடும்பம். மற்றது, இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வாழ்ந்த தமிழ்க் குடும்பம். முதல் ஏற்பாடு ஆங்கிலேயர் வருமுன்பே வேர்விட்டது. இரண்டாவதை அவர்களே உண்டாக்கினார்கள். இரண்டு இடத்திலும் ஆளைக் கட்டிப்போட்ட வலுவான முடிச்சு குடியிருந்த மனைதான்.

செங்கல்பட்டில் படியாட்களின் சேரி இருந்த நத்தத்தையும் மிராசுதார்கள் தங்களுடையது என்றார்கள். ஏர் பூட்ட மறுத்தால், கூலி கூட்டிக் கேட்டால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்ல முடிந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891-இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த மனைப் பிடியை விரிவாக எடுத்துக்காட்டினார். மலைநாட்டில் லயம் தோட்டத்தின் சொத்து. ஏறத்தாழ பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், அதாவது ஓர் அறையில், ஒரு குடும்பமே சமைத்து, உண்டு, உறங்கியது. தோட்டப் பதிவிலிருந்து பேர் வெட்டப்பட்டால் காம்பராவும் போய்விடும்.

அன்றாடப் பொழுது இரண்டு இடத்திலும் இருட்டிலேயே தொடங்கியது. படியாள் விடியுமுன் மிராசுதார் வீட்டுத் தொழுவத்துக்குப் போய்விடுவான். சாணி அள்ளி, மாட்டை ஓட்டிக்கொண்டு வயலில் இறங்குவான். மனைவி நாற்று நடவுக்கோ களையெடுப்புக்கோ போவாள். கைக்குழந்தை வரப்போர மரத்தில் தூளியில் கிடக்கும். உச்சிவேளைக்குக் கேழ்வரகுக் கூழ். நெல் விளைவித்தவர்களுக்குச் சோறு விசேஷ நாள் உணவாகவே இருந்தது. செங்கல்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை வரை வேளாண்மை ஏரிகளை நம்பியது. ஏரி நிரம்பாத ஆண்டில் வேலையும் இல்லை, கூழும் இல்லை. 1876-78 பஞ்சம் அந்த வாழ்வை எலும்பாக்கிப் போட்டது.

லயத்தில் விடியலைத் தப்புச் சத்தம் அறிவித்தது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆணும் பெண்ணும் வரிசையில் நிற்க, ஆட்களை மேய்க்கும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஆட்களை மலை மலையாகப் பிரித்து அனுப்புவார்கள். கூடையை முதுகில் மாட்டிய பெண் அட்டைக்கடியோடு கொழுந்து பறிப்பாள். மாலை நிறுவையில் எடை குறைந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, அரைப்பேராகிவிடும். நாளெல்லாம் மழையில் நின்ற உழைப்பை ஒரு பேனாக் கோடு பாதியாக்கியது.

கூலி கொடுக்கும் முறை வேறு; விளைவு ஒன்று. படியாளுக்குப் படியளப்பு தானியமாக வந்தது. அறுவடையில் களத்து நெல்லில் சிறு பங்கு கிடைத்தது. தோட்டத்தில் ரொக்கக் கணக்கு உண்டு. ஆனால் தோட்டம் கொடுத்த அரிசியின் விலையும் முன்பணமும் கழிந்தபின் கைக்கு வந்தது கொஞ்சம். படியாளின் கடன் பெரும்பாலும் கல்யாணத்தில் தொடங்கி, அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. மலைநாட்டில் கங்காணியிடம் பட்ட கடன் துண்டாக எழுதப்பட்டது. கடனை அடைப்பவரிடம் ஆளை அனுப்பச் சம்மதிக்கும் சீட்டு அது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மனிதர்கள் கடனோடு கைமாறினார்கள்.

வேற்றுமைகளையும் சொல்ல வேண்டும். படியாளைத் தீண்டாமை ஊருக்கு வெளியே நிறுத்தியது. குளம், கோயில், தெரு எல்லாம் தடை. லயத்திலும் சாதி பார்த்தே காம்பரா ஒதுக்கப்பட்டது என்றாலும், மலையில் எல்லாரும் ஒரே நிரையில் நின்று கொழுந்தெடுத்தார்கள். தோட்டத்துப் பெண்ணுக்குப் பேரேட்டில் தன் பேரில் கூலி இருந்தது, ஆணைவிடக் குறைவாக. சேரிக்காரர் எளிதில் போகமுடியாத இடம் ஊர்த்தெரு. லயத்துக்காரர் எளிதில் திரும்பமுடியாத இடம் கடலுக்கு அப்பால் இருந்த சொந்த ஊர்.

சட்டம் இருவரையும் பாதி தூரமே கொண்டுசென்றது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமைமுறைக்கு நீதிமன்ற அங்கீகாரத்தை நீக்கியது. கடனும் மனையும் அப்படியே இருந்தன. டிரெமன்ஹீர் அறிக்கைக்குப் பின் 1892-இல் பிறந்த அரசாணை ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது. பிற சாதியாருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும், அதில் ஏராளமான நிலம் பறிபோனது. செங்கல்பட்டுப் பகுதியில் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபரில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். இலங்கையில் துண்டு முறை 1921-இல் ஒழிந்தது. 1948 குடியுரிமைச் சட்டமோ லயத்து மக்களில் பெரும்பாலாரை நாடற்றவர்களாக்கியது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற வாக்குறுதிக்குப் பிறகும் பலர் லயத்திலேயே வாழ்கிறார்கள்.

கடனைச் சட்டத்தால் ரத்து செய்யலாம், கூலியை ஆணையால் உயர்த்தலாம். தன் பேரில் மனை இல்லாத குடும்பம் அவற்றைக் கேட்கவே அஞ்சும் என்பதைச் சேரியும் லயமும் சேர்ந்து சொல்கின்றன. ஆகவே கூலி உயர்வு பேசப்படும் மேடையில் மனைப்பட்டாவும் பேசப்பட வேண்டும். அந்தப் பட்டாவில் வயலிலும் மலையிலும் குனிந்து உழைத்த பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும்.