போலீஸ்காரங்க ஜெயிச்ச கோப்பைகள்

செகந்திராபாத்ல வீடு தேடி அலைஞ்சவங்களுக்குத் தெரியும், கன்டோன்மென்ட் பக்கம் திடீர்னு யாராவது தமிழ்ல பேசுவாங்க. பட்டாளம், ரயில்வேன்னு என்னிக்கோ வந்து தங்கிட்ட குடும்பங்கள். இந்தியாவோட பெரிய ஃபுட்பால் ஆட்டக்காரர்கள்ல ஒருத்தரான துளசிதாஸ் பலராம் அப்படி ஒரு தமிழ்க் குடும்பத்துல, அங்க அம்முகுடாவுல, 1936ல பிறந்தவர். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் பிறந்ததும் (1935) ஐதராபாத்லதான். நம்ம ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க, ஒருத்தருக்கும் தெரியாது.

இவங்க காலத்துல இந்த ஊரை ஆண்டது ஐதராபாத் சிட்டி போலீஸ் டீம். பெயரைக் கேட்டா ஏதோ டிபார்ட்மென்ட் ஸ்போர்ட்ஸ் டே மாதிரி இருக்கும். ஆனா பம்பாய்ல அப்போ நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1950லேர்ந்து 1954 வரைக்கும் வரிசையா அஞ்சு தடவை தூக்கிட்டு வந்தவங்க. டூரண்ட் கோப்பை பத்து வருஷம் நடக்காம இருந்து 1950ல டெல்லியில மறுபடி ஆரம்பிச்சப்போ, மோகன் பகானை ஜெயிச்சு அதையும் எடுத்தாங்க. நிஜாம் ராஜ்யம் இந்தியாவோட சேர்ந்து அப்போ ரெண்டே வருஷம்!

பின்னாடி இருந்தவர் சையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூட வாத்தியார், அதனால எல்லாரும் ‘ரஹீம் சாப்’. 1943ல ஐதராபாத் ஃபுட்பால் சங்கச் செயலாளர், 1950லேர்ந்து போலீஸ் டீம் கோச். அவர் வேலை செஞ்ச விதம்தான் எனக்குப் பிடிச்சது. டிரிப்ளிங் பண்ணவே கூடாதுன்னு ஒரு டோர்னமென்ட் வைப்பாராம். பந்து வந்த உடனே பாஸ் பண்ணியாகணும். இன்னொண்ணுல பழக்கமில்லாத காலாலதான் உதைக்கணும். ஒரு வலதுகால்காரர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க :-)

அதே ரஹீம்தான் இந்திய டீமுக்கும் கோச். 1951, 1962 ஆசிய விளையாட்டுல தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்ல நாலாவது இடம். மெல்போர்ன் போன டீம்ல பலராம், அசீசுதீன், நூர் முகமதுன்னு ஐதராபாத் பசங்க ஒரு பட்டாளமே உண்டு. 1960 ரோம்ல ஹங்கேரிக்கு எதிரா ஒண்ணு, பெருவுக்கு எதிரா ஒண்ணுன்னு பலராம் கோல் போட்டார்.

1962 ஜகார்த்தா ஃபைனல்ல தென் கொரியாவை 2-1ன்னு ஜெயிச்சப்போ ரஹீமுக்குப் புற்றுநோய். 1963 ஜூன்ல போயிட்டார். உடம்பு முடியாம பலராம் ஆட்டத்தை விட்டதும் அதே வருஷம்தான், முப்பதைத் தொடறதுக்கு முன்னாடியே.

ரஹீம் போனதாலதான் எல்லாம் முடிஞ்சதுன்னு இங்க பொதுவா சொல்றாங்க. எனக்கு அது பாதிக் காரணமாத்தான் படுது. பலராம் 1957லயே கல்கத்தா ஈஸ்ட் பெங்காலுக்குப் போயிட்டாரே. நல்ல ஆட்டக்காரர்களைக் கல்கத்தா கிளப்புகள் ஒவ்வொருத்தரா கூட்டிட்டுப் போயிடும். கான்ஸ்டபிள் வேலையைக் காட்டி எத்தனை பேரை நிறுத்தி வைக்க முடியும்? ஆந்திரா போலீஸ்னு பேர் மாறின பிறகும் டீம் கோப்பை ஜெயிச்சது, 1961 டூரண்ட் அவங்களுக்குத்தான். ஆந்திரா 1965-66ல சந்தோஷ் டிராஃபி வாங்குச்சு. அப்புறம் அந்தக் கோப்பை இந்தப் பக்கம் வரவே இல்லை.

2019ல ஐஎஸ்எல்லுக்காக ஐதராபாத் எஃப்சி வந்தது. கச்சிபவுலி மைதானம், மஞ்சள் சட்டை, 2021-22ல சாம்பியன். 2025ல அந்த டீமும் டெல்லிக்குப் போய் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆயிடுச்சு. பலராம் கல்கத்தாவுலயே தங்கி, 2023 பிப்ரவரியில அங்கயே காலமானார்.