கள்ளிச்செடியின் சாட்சி

தமிழில் ஒரு பெண்ணின் அழுகையை நம்ப வேண்டாம் என்று சொல்ல இரண்டு சொல் போதும்: நீலிக் கண்ணீர். மேடையில் எதிர்க்கட்சிக்காரரைக் கிண்டல் செய்யவும் அதுதான். அடிபட்டுத் தாய் வீட்டுக்கு வந்தவளை வாயடைக்கவும் அதுதான். ஆண் அழுதாலும் அது நீலிக் கண்ணீர்தான், நீலன் கண்ணீர் என்று யாரும் சொல்வதில்லை. முதலைக் கண்ணீரையும் இதையும் நாம் ஒரே பொருளில் பயன்படுத்துகிறோம். முதலை என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். நீலி யார் என்று கேட்டால் பேய் என்பார்கள், ஒரு செட்டியாரைக் கொன்ற பேய் என்பார்கள். அவள் கொல்லப்பட்டவள் என்று முதலில் சொல்கிறவர்கள் குறைவு.

கொலைக் கதையையும் பேய்க் கதையையும் இரவில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது இப்போது பரவலாகிவிட்ட பழக்கம். 2014இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘சீரியல்’ என்ற பாட்காஸ்ட் இந்த அலையைப் பெரிதாக்கியது. 1999இல் பால்டிமோரில் பள்ளி மாணவி ஒருத்தி கொல்லப்பட்டாள். அவளுடைய முன்னாள் காதலன் தண்டிக்கப்பட்டான். அந்த வழக்கைப் பன்னிரண்டு பகுதிகளில் மறுபடி கிளறியது அந்நிகழ்ச்சி. சிறையிலிருந்து தொலைபேசியில் பேசிய அவன் குரல் கேட்டவர்களுக்கெல்லாம் பழகிப்போனது. செத்தவளுக்குத் தொலைபேசி இல்லை. அவன் குற்றவாளியா இல்லையா என்று உலகமே வாதாடியபோது அவள் கதையின் தொடக்கப் புள்ளியாக மட்டும் நின்றுவிட்டாள் என்று பலர் எழுதினார்கள். கொலையைக் குரலில் சொல்லும்போது யார் பக்கத்திலிருந்து சொல்வது, எங்கிருந்து தொடங்குவது என்ற சிக்கல் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்ததல்ல. நம் ஊரில் அதற்குப் பழைய வரலாறு உண்டு. நீலி கதையை எடுத்துக்கொண்டால் அது துலக்கமாகத் தெரியும்.

பழையனூர், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை ஒட்டிய ஊர். காஞ்சிபுரத்து வணிகன் ஒருவன் அந்த வழியாக வருகிறான். பெண்ணால் உயிருக்கு ஆபத்து என்று சோதிடர் சொல்லியிருப்பதால் மந்திர வாள் ஒன்றைக் கையை விட்டு இறக்குவதில்லை. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி பின்னாலேயே வருகிறாள். இவர் என் கணவர், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார் என்று ஊர்ப் பெரியவர்களிடம் அழுகிறாள். இவள் என் மனைவியே இல்லை, பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று அவன் கதறுகிறான். பிள்ளையை இறக்கிவிட்டுப் பார்க்கிறார்கள்; அது அப்பா என்று போய் அவன் மடியில் ஏறிக்கொள்கிறது. ஊர்ப் பெரியவர்களான எழுபது வேளாளர்களும் தீர்ப்புச் சொல்கிறார்கள்: இன்றிரவு இருவரும் ஓர் அறையில் தங்குங்கள், வாளை எங்களிடம் கொடு, உனக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் எழுபது பேர் உயிரும் ஈடு. விடிந்து பார்த்தால் அவன் வயிறு கிழிந்து கிடக்கிறான். சொன்ன சொல்லைக் காக்க எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இந்த வடிவத்துக்குப் பெரிய ஆதரவு உண்டு. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்த நிகழ்ச்சியைத் தொட்டுச் செல்கிறார். அங்கே அவள் வஞ்சத்தால் ஓர் உயிரைக் கொண்ட ‘ஒருத்தி’. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் சேக்கிழார் புராணத்தில் வேளாளர் பெருமையைப் பாடும்போது நீலியின் வஞ்சனை, வணிகனின் உயிர், எழுபது பேரின் வாக்கு எல்லாவற்றையும் ஒரே செய்யுளில் அடக்கிவிடுகிறார். கதை அங்கே சாதிப் பெருமையின் சான்றிதழ். அவள் ஏன் அவனைத் தேடி வந்தாள் என்பதற்கு அந்தச் செய்யுளில் இடமில்லை. (அதே திருவாலங்காட்டில்தான் இன்னொரு பேயும் இருக்கிறாள். கணவன் அஞ்சி விலகிப்போன பிறகு, உடம்பின் சதையை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார். கேட்டு வாங்கியவளுக்கு நாயன்மார் வரிசையில் ஆசனம் கிடைத்தது. கொன்று பேயாக்கப்பட்டவளுக்குக் கிடைத்தது ஒரு வசைச்சொல்.)

அந்த ‘ஏன்’ என்பதைப் பாடுவது தெற்கே, கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்து இசக்கியம்மன் கோயில் கொடைகளில். இசக்கி என்ற பெயர் இயக்கி என்பதிலிருந்து வந்தது. ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தலில் இருக்கும் இசக்கியே நீலி என்பது அந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை. அங்கே கதை நூலில் இருப்பதைவிடக் குரலில்தான் அதிகம் இருக்கிறது. பெரிய வில் ஒன்றைக் கிடத்தி, அதில் மணிகளைக் கட்டி, முதன்மைப் பாடகர் வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுவார். குடம், உடுக்கை, தாளம், கட்டை பக்கத்தில். பின்பாட்டுக்காரர் ஒவ்வோர் அடிக்கும் ‘ஆமா’ போடுவார். நீலி கதை அங்கே பழையனூரில் தொடங்குவதில்லை. அதற்கு ஒரு பிறவிக்கு முன்னால், ஒரு காட்டில் தொடங்குகிறது.

கோயில் பூசை செய்யும் பிராமணன் ஒருவனுக்கும் தேவதாசி ஒருத்திக்கும் உறவு. அவன் பொருளெல்லாம் தீர்ந்ததும் தாசியின் தாய் அவனைத் துரத்துகிறாள். மகளுக்கு மனம் கேட்கவில்லை. நகைகளை எல்லாம் பூட்டிக்கொண்டு அவன் பின்னால் போகிறாள். களைத்துப்போய்க் கள்ளிக்காட்டில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் மணலைக் குவித்து, மடியிலிருந்த தலையை அதன்மேல் மெல்ல மாற்றி வைத்துவிட்டு, கல்லைத் தூக்கித் தலையில் போடுகிறான். உயிர் போகும் நேரத்தில் சுற்றிலும் பார்க்கிறாள். மனிதர் யாரும் இல்லை. பக்கத்தில் நின்ற கள்ளியைப் பார்த்து, நீதான் சாட்சி என்கிறாள். தேடிவந்த அவள் அண்ணனும் அங்கேயே உயிரை விடுகிறான். நகைகளோடு போன பிராமணன் பாம்பு கடித்துச் சாகிறான். மறுபிறவியில் அவன் ஆனந்தன் செட்டி, அவள் நீலி. செட்டியைப் பின்தொடரும்போது நீலி ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துத்தான் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள்.

கள்ளிக் கொம்பு குழந்தையாவது பழையனூர் வடிவத்திலும் வருகிறது. அங்கே அது பேயின் மாயம், ஊரை ஏமாற்றிய தந்திரம். காட்டிலிருந்து கதை கேட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு அது வேறு. கொலையைப் பார்த்த ஒரே சாட்சி பஞ்சாயத்துக்குள் நடந்து வருகிறது, குற்றவாளியை அடையாளம் காட்டி அவன் மடியில் ஏறி உட்காருகிறது. பஞ்சாயத்தில் அவள் வடிக்கும் கண்ணீர் பொய்தான். அவள் இந்தப் பிறவியில் அவன் மனைவி இல்லை, அது அவன் பிள்ளை இல்லை. ஆனாலும் வழக்கு பொய்யில்லை. என்னை இவன் முற்பிறவியில் கொன்றான் என்று சொன்னால் எந்த ஊர் கேட்கும்? இவர் என் கணவர், என்னை வைத்துக் காப்பாற்ற மாட்டேன் என்கிறார் என்றால் கேட்கும். ஊருக்குப் புரிகிற ஒரே புகாரை அவள் தேர்ந்தெடுக்கிறாள். தனக்கு நடந்ததை அப்படியே சொன்னால் எடுபடாது என்று தெரிந்து, எடுபடுகிற வடிவத்தில் மனு எழுதிக் கொடுக்கும் பெண்களை இன்றும் நீதிமன்ற வளாகங்களில் பார்க்கலாம்.

எழுபது பேரின் தீர்ப்பையும் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. உயிருக்குப் பயமாயிருக்கிறது என்று ஒருவர் கெஞ்சுகிறார். புருஷன் பெண்டாட்டி சண்டை, ஒரு ராத்திரி சேர்ந்து இருந்தால் சரியாகிவிடும் என்று ஊர் சொல்கிறது. கையில் இருந்த ஒரே பாதுகாப்பையும் வாங்கிக்கொண்டு அறைக்குள் அனுப்புகிறது. காலையில் பிணம். இப்படி அனுப்பிவைக்கப்படுகிறவர்கள் வழக்கமாக யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கதையில் அந்த இடத்தில் ஓர் ஆண் நிற்கிறான்; அவன் சொல் எடுபடவில்லை. அதுவே இதைப் பேய்க் கதையாக்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண் உலகத்தை நடுங்கவைத்தது கிழிந்த வயிறு அவ்வளவாக இல்லை. தான் சொல்வதை நம்பாமல் அவள் சொல்வதை ஊர் நம்பிவிட்டதே, அதுதான். நீலிக் கண்ணீர் என்ற சொல் அந்த நடுக்கத்தில் பிறந்த எச்சரிக்கை: இன்னொரு முறை எவளையும் நம்பிவிடாதீர்கள்.

எச்சரிக்கை வீண்போகவில்லை. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155ஆம் பிரிவில், வன்புணர்வு வழக்கில் புகார் கொடுத்த பெண் பொதுவாக ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தைத் தகர்க்க இடம் இருந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை நீக்கியது. அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு, இறந்தவர் தன் சாவுக்கான காரணம் பற்றிச் சொல்லிவிட்டுப் போனதைச் சாட்சியமாக ஏற்றது. இரண்டு பிரிவுகளையும் சேர்த்து வாசித்தால் ஒரு விசித்திரம் தெரியும். வன்புணர்வுக்கு ஆளாகி உயிரோடு வந்து பேசுகிறவளின் ஒழுக்கம் விசாரணைக்குரியது. செத்துக்கொண்டே பேசியவளின் வாக்கு தனி மதிப்பு உடையது. நம்பப்படுவதற்கு நீலி கொடுத்த விலையைச் சட்டமும் கேட்டது. 2017இல் ராஜேஷ் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவன் வீட்டார் கொடுமை குறித்த 498-ஏ புகார்களைக் கைது செய்யும் முன் மாவட்டம்தோறும் குடும்ப நலக் குழுக்கள் ஆராய வேண்டும் என்றது. எழுபது வேளாளர்களுக்குப் பதிலாக ஒரு குழு, அவ்வளவுதான். அடுத்த ஆண்டே வேறொரு அமர்வு அந்தக் குழுக்களை விலக்கியது. பொய்ப் புகார் என்ற பேச்சு விலகவில்லை.

நீலிக்கு மூன்றாவதாக ஒரு வடிவமும் உண்டு. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியில், உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை விரட்டும்படி காளி பழையனூர் நீலியை அனுப்புகிறாள். மயக்க வந்தவள் அவரிடம் அறம் கேட்டு மாணவியாகிறாள். பிறகு குண்டலகேசி தொடங்கிப் பௌத்தர், ஆசீவகர், வேதவாதி என்று ஒவ்வொருவராக வாதில் வெல்கிறாள். பேயைத் தர்க்கவாதியாக்கிய துணிச்சல் வியப்பானது. அதற்கு ஈடாக அவள் கோபத்தையும் அந்தக் காட்டையும் காப்பியம் எடுத்துக்கொண்டது. வாதாடும் நீலகேசி தன் வழக்கை மட்டும் வாதாடுவதில்லை.

வில்லுப்பாட்டை உடனே பெண்ணியப் பிரதி என்று கொண்டாடவும் எனக்கு மனமில்லை. மகளுடைய சாவுக்குப் பாதிப் பழியைப் பேராசைக்காரத் தாய்க்கிழவி மேல் போடுவதில் அதற்குத் தயக்கமே இல்லை. தாசி குலம் பற்றிய எல்லா ஏளனமும் அதில் உண்டு. கொல்லப்பட்ட பெண்ணைத் தெய்வமாக்குவது, கொலையை வழக்காக அல்லாமல் விதியாக முடித்துவைக்கும் வழியும்தான். வயிற்றைக் கிழித்த இசக்கியிடம் இப்போது பிள்ளை வரம் கேட்டு மண்ணில் செய்த தாய்-சேய் உருவங்களை வைக்கிறார்கள். கோபம் சாந்தப்படுத்தப்பட்டுக் குடும்பத்துக்குத் திரும்பிவிடுகிறது. புதையலுக்காகத் திருடர்கள் பலிகொடுத்த கர்ப்பிணி பொன்னிறத்தாள் கதையிலும் இதே கதிதான்.

ஆனாலும் கேட்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தெய்வங்களின் பிறப்புக் கதைகளிலிருந்து இந்த இறப்புக் கதைகளைப் பிரித்துக் காட்டினார். கொடையின் நடுச்சாமத்துக்கு உரியவை இறப்புக் கதைகள். சாவு பாடப்படும்போது சாமியாடுகிறவர்கள் மேல் அருள் இறங்குகிறது. காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்கிறவருக்குக் கல் விழும் இடம் திகில், நிறுத்திவிட்டுத் தூங்கலாம். கொடைக்களத்தில் அந்த இடத்தில் செத்தவள் ஓர் உடம்பில் வந்து நிற்கிறாள். பாட்டு அவளைப் பற்றியதாக மட்டும் இருக்க முடியாது. அவள் முன்னால் பாடுவதாகிவிடுகிறது. தப்பாகச் சொன்னால் கேட்க ஆள் இருக்கிறாள்.

பாடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களே. கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி போல, சிறுமியாக வில்லின் முன் உட்கார்ந்து பல கோயில்களில் பாடிப் பெயர் பெற்ற பெண்களும் இருந்தார்கள். 2018 நவம்பரில் அவர் மறைந்தார். பெண் பாடினாலும் ஆண் பாடினாலும் களத்தில் ஓர் ஏற்பாடு மாறுவதில்லை. அவள் மடியில் தலைவைத்தாள் என்றால், ‘ஆமா’. அவன் மணலைக் குவித்தான் என்றால், ‘ஆமா’. கள்ளியே நீ சாட்சி என்றாள் என்றால், அதற்கும் ‘ஆமா’. விடிய விடிய ஒரு தடவைகூட யாரும், அப்படியா, உண்மையாகவா, நீ ஏன் அவன் பின்னால் போனாய் என்று கேட்பதில்லை.