காஞ்சிப் புறநாட்டு நிலவிலையும் நடுநின்றாரும்

நன்னிலம் கொள்ள விழைவார் இந்நாளில் முதற்கண் நாடுவது நம்பத்தக்க தரகர் ஒருவரையே. நிலத்தைக் காண்பதற்கு முன்னரே அவரைப் பற்றி நாலிடத்தும் உசாவுகின்றனர். இது தொன்றுதொட்டு வந்த வழக்கு எனக் கருதுவாரும் உளர். காஞ்சியைச் சூழ்ந்த ஊர்களின் கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் காட்டும் நிலைமை அதுவன்று.

தரகு என்னும் சொல் பழையதே. முதலாம் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் அளிக்கப்பட்டதைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேட்டின் வரி நிரலில், தறிப்புடவையை அடுத்துத் தரகு நிற்கின்றது. தறியில் இறங்கிய புடவை கைம்மாறுங்கால் இடைநின்றவன் பெற்ற கூலியின்மீது அரசு கொண்ட பங்கு அது என்று கொள்ளுதல் பொருந்தும். பண்டம் விற்கத் தரகன் வேண்டப்பட்டான். நிலவிலை ஆவணத்தின் வாய்பாட்டிலோ விற்பார், கொள்வார், எழுதுவான், சான்றாவார் என்போரே உளர்; தரகனுக்கு அங்கு இடமில்லை.

அவ்வாறாயின், அறியாத நிலத்தைக் கொள்வான் யாரை நம்பினான்? உத்தரமேரூர்க் கல்வெட்டு இதற்கு விடை தருகின்றது. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபை செய்த ஏற்பாடுகள் குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றை எழுதினவன் மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் என்பான். மத்தியஸ்தன் என்பதன் பொருள் நடுநிற்பவன் என்பதே. இவன் ஒருசார் சாராது, பெருமக்கள் பணித்ததை எழுதுபவன். விலை முடிந்தால் ஆதாயம் பெறுபவன் அல்லன். சபையின் வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் இடப்பெறார் என்பது விதி. கணக்கன் காய்ச்சிய இரும்பைக் கையிலேந்திக் கணக்கொப்பிக்க வேண்டுமென்று அவ்வூரின் மற்றொரு கல்வெட்டு விதிக்கின்றது. கொடுமையானதே எனினும், கணக்கு எத்துணைப் பெரிய பொருளாகக் கருதப்பட்டது என்பதை இது காட்டும்.

இனி நிலத்தின் அடையாளத்தைக் காண்போம். உத்தரமேரூரில் ஒரு நிலத்தைச் சுட்டுங்கால், இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுரம் என்று எழுதினர். வதியும் வாய்க்காலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய ஊர்ப்பரப்பில் ஒரு துண்டினை வேறொன்றாக மயங்குதல் அரிது. மேலும், வாய்க்காலின் பெயரைப் படித்த அளவிலேயே நீர் வரும் வழியும் தெரிந்துவிடும். ஏரிப்பாய்ச்சலையே நம்பிய தொண்டைநாட்டில் நிலத்தின் நன்மை தீமைகளுள் பாதி அதனால் விளங்கும். இன்று ஆவணத்தில் வரும் புல எண் நிலத்தைக் காட்டுமேயன்றி நீரைக் காட்டாது.

ஆவண மொழியில் கொள்வான் ஊன்றிக் காண வேண்டிய தொடர்கள் பல உள. மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும் உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடமும் விலைக்குள் அடங்கும் என்பது அலங்காரமன்று; மரத்துக்கும் கிணற்றுக்கும் கரைப்புறத்துக்கும் பின்னர் வழக்கெழாது காப்பது. விலைப்பொருள் கைச்செல்லக் கொண்டமைக்கு இவ்வோலையே சான்று, வேறோலை காட்டவேண்டுவதில்லை என்பதும் கொள்வானுக்கு அரண். ஆயின் ‘மிகுதிக்குறைமை உள்ளடங்க’ என்ற தொடர் இருபுறமும் கூரியது: அளவு மிகினும் குறையினும் விலை மாறாது. இத்தொடரைக் கண்டும் அளவாது கொண்டவன் பிறரை நோவதற்கு இடமில்லை. வரியும் தனியே எண்ணப்பட்டது. நிலத்தின் விலையேயன்றி இறையை நீக்குதற்கும் ஒருமிக்கப் பொன் பெற்றுக்கொண்டு சபையார் நிலத்தை இறையிலியாக்கிய செய்திகள் பல.

அரசனும் இம்முறைக்குப் புறம்பானவன் அல்லன். காஞ்சியை அடுத்த கூரத்தில் கோயில் எடுத்த ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன், அப்பணிக்கு ஓடு சுட வேண்டிய நிலத்தை விலைக்கே கொண்டான் என்று அவ்வூர்ச் செப்பேடு கூறும். அதே கூரம், அரியபெரும்பாக்கம் என்னும் ஊர்களின் சபையார் ஊரகப் பெருமாளின் 250 கழஞ்சு பொன்னை ஏற்று, ஆண்டுதோறும் 500 காடி நெல் பொலிசையாக அளக்க இசைந்ததை உத்தமசோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு காட்டுகின்றது. அச்செப்பேட்டில் நம் நெஞ்சைக் கவர்வது மற்றொன்று. கச்சிப்பேட்டில் பட்டசாலிகள் என்னும் நெசவாளர் வாழ்ந்த சேரிகளின் மக்களே கோயிற் பொருளைப் பேணவும் கணக்கைக் காணவும் அமைக்கப்பட்டனர். காஞ்சியின் தறிகாரர் பொதுப்பொருளுக்கு நம்பிக்கையாளராயிருந்த வரலாறு, பட்டின் புகழைப் பேசுவார் வாயில் ஏனோ வருவதில்லை.

ஓலையை ஆராயும் முறைக்கு இலக்கியச் சான்றும் உண்டு. தொண்டைநாட்டுக் குன்றத்தூரினராகிய சேக்கிழார் தடுத்தாட்கொண்ட புராணத்தில், முதியவர் காட்டிய ஆளோலையை அவையினர் அவர் சொல்லைக் கொண்டு ஏற்றிலர். காப்பிலிருந்த வேறோலையின் எழுத்தோடு ஒப்பிட்ட பின்னரே தீர்ப்பளித்தனர். வந்தவர் இறைவனே என்பது ஒப்புநோக்கலைத் தள்ளுபடி செய்யவில்லை.

இம்முறை சிதைந்தது பிற்காலத்தில். தொண்டை மண்டலத்துக் காணியாட்சி ஊர்களில் விற்கப்பட்டது பெரும்பாலும் வயலன்று, பங்கு. பசுங்கரை ஊர்களில் வயல்கள் காலந்தோறும் கரையீட்டால் கைம்மாறின. ஆதலின் பங்கு கொண்டவன் தன் நிலம் இதுவென்று விரல்நீட்ட இயலாது; ஊராரோடு ஒத்து வாழ்தலே அவன் உரிமைக்கு உறுதி. 1763இல் ஆர்க்காட்டு நவாபு இப்பகுதியைக் கும்பினியாருக்குச் சாகீராக அளித்தபின், அதிகாரிகள் இப்பங்குரிமையை விளங்கிக்கொள்ள இயலாது நெடுங்காலம் இடர்ப்பட்டனர். எல்லீசர் 1818இல் அச்சான மிராசுரிமை பற்றிய விடைகளில் இதனைத் தெளிவிக்க முயன்றார்.

தனித்தனிப் பட்டாவும் புல அளவையும் வந்தபின் ஊரவையின் சான்று தேவையற்றதாயிற்று. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாளர் பதிவது ஆவணத்தையே. விற்றவர்க்கு அந்நிலம் உரியதுதானா என்பதற்கு அவர் பொறுப்பேற்பதில்லை. வில்லங்கச் சான்றும் பதிவான செயல்களை மட்டுமே காட்டும். பதியப்படாத பாகப்பிரிவினையையும், வாய்க்கால் தூர்ந்துபோனதையும், கிணற்றுநீர் உவர்த்ததையும் அறிந்தவர் ஊரிலே இருக்கின்றனர். சபையும் மத்தியஸ்தனும் நின்ற அவ்விடத்தில் இன்று தரகர் நிற்கின்றார். விலை முடிந்தாலன்றி அவருக்குக் கூலி இல்லை. கிரய ஆவணத்தின் சொத்து விவரத்தில் மட்டும், புல எண் வந்த பின்னரும் நான்கெல்லை எழுதும் பழைய வழக்கு விடாது நிற்கின்றது.