பொதுத் தோட்டங்களும் வீட்டுத் தோட்ட அறிவும்: தூத்துக்குடிக் கரை

பொதுத் தோட்டம் என்பது அரசோ சங்கமோ கல்வி நிலையமோ பராமரித்து மக்களுக்குத் திறந்துவைக்கும் தோட்டம். எந்தச் செடி எந்த மண்ணில் பிழைக்கும் என்பதை வீட்டில் செடி வளர்ப்போர் நேரில் கண்டு தெரிந்துகொள்ள அது உதவுகிறது.

சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-இல் தோன்றியது. உதகை தாவரவியல் பூங்காவின் தொடக்கமோ காய்கறித் தோட்டம்தான். 1840-களில் அங்கு வாழ்ந்த ஐரோப்பியர் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு அதை நடத்தினர். 1848-இல் வந்த தோட்டக்கலைஞர் மெக்ஐவர் அதைப் பூங்காவாக வளர்த்தார். பழைய திருநெல்வேலிச் சீமையின் குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டது.

ஆனால் மலையிலும் அடிவாரத்திலும் கற்ற பாடம் முத்துக்குளித்துறையான தூத்துக்குடிக்கு உதவாது. வ.உ.சி. துறைமுகத்தைச் சுற்றி உப்பளமும் மணலுமே மிகுதி. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். உப்புத் தண்ணீரை இலைமேல் தெளித்தால் இலை கருகும். வேரடியில்தான் ஊற்ற வேண்டும். தொட்டியின் அடியில் துளை இல்லாவிட்டால் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணை இலைதழையால் மூடி மூடாக்குப் போட்டால் ஈரம் சீக்கிரம் காயாது, மேல்மண்ணில் உப்புப் பூப்பதும் குறையும். பூவரசு, புன்னை, தென்னை உப்புக்காற்றைத் தாங்கும், பீன்ஸ் தாங்காது. கரையோர வீடுகளுக்கு முதலில் வேண்டிய அறிவு இதுவே. நகரின் ரோச் பூங்கா போன்றவை உலாவுவதற்கான இடங்கள். அங்கு ஒரு மூலையில் உவர்நிலக் காய்கறிப் பாத்தி போட்டு, செடியருகே பெயரும் பக்குவமும் எழுதிவைப்பது அவசியம்.

மாவட்டத்தில் இந்த அறிவுக்கு அருகிலிருக்கும் நிலையம், வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில் 1984-இல் தொடங்கிய வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி. அது பூங்கா அல்ல, கல்வி, ஆராய்ச்சி நிலையம். ஆனாலும் இத்தகைய நிலையங்களின் கண்டுபிடிப்பு கொல்லைப்புறம் வரை போகும் என்பதற்கு முருங்கையே சான்று. முன்பு அயல்வீட்டில் போத்து (கிளைத்துண்டு) வாங்கி நட்டார்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 இரகத்தை விதையிலிருந்தே வளர்க்கலாம். சுமார் 6 மாதத்தில் பூத்துக் காய்க்கத் தொடங்கும். சாத்தான்குளம் வட்டாரத் தேரி எனும் செம்மணலில் முருங்கை இன்று பெரும்பயிர்.

2013 முதல் தோட்டக்கலைத் துறை மானியத்தில் வழங்கிவரும் மாடித்தோட்டத் தொகுப்பில் பை, தென்னைநார்க் கழிவு, விதை எல்லாம் உண்டு. சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டம் அது. கரையோரத்துக்குத் தரும்போது உப்புநீரைக் கையாளும் முறையையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.