பியானோவும் ஈரமும்

பியானோ நமது சங்கீதத்தில் வேர் பிடிக்காமல் போனதற்கு வழக்கமாகச் சொல்லப்படுகிற காரணம் ஒன்று உண்டு. அதில் கமகம் பேசாது. வயலினில் பேசும்; எனவே பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலத்திலிருந்து வயலின் இங்கேயே தங்கிவிட்டது. பியானோவில் ஸ்வரங்கள் தனித்தனியாக விறைத்து நிற்கின்றன; எனவே அது துரைமார் பங்களாவோடு நின்றுபோயிற்று. ஒழுங்கான வாதம். பல வருஷங்கள் நானும் இதை நம்பியிருந்தேன்.

இந்த வாதத்தைக் கெடுப்பது ஹார்மோனியம். அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். அதிலும் கமகம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ், மிதிகட்டையை நீக்கி, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டபடியே வாசிக்கும் பெட்டியாக அதை மாற்றினார். நாடக மேடையில் கிட்டப்பாவின் குரலோடு சகோதரர் காசி ஐயரின் ஹார்மோனியம் சேர்ந்தே ஒலித்தது. 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. தடை தளர ஏறத்தாழ 30 வருஷங்களாயின. வானொலியில் இடமில்லாத அந்த வருஷங்களிலும் பஜனை மடம், கூத்து மேடை, சர்ச், சினிமாக் கம்பெனி எங்கும் அது இருந்தது. எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டுப் போட்டது ஹார்மோனியத்தில்தான். கமகம் இன்மைதான் குற்றம் என்றால் ஹார்மோனியமும் துரைமாரோடு கப்பலேறியிருக்க வேண்டும்.

வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. ஹார்மோனியத்தின் பித்தளை நாக்கை ஒருமுறை ராவிச் சரிசெய்தால் வருஷக்கணக்கில் சுருதி நிற்கும். துருத்தி கிழிந்தால் ஒட்டத் தெரிந்த எவரும் போதும். பியானோவுக்கு எவரும் போதாது.

கிராண்ட் பியானோவில் 88 கட்டைகளுக்கு ஏறத்தாழ 230 தந்திகள். எல்லாமாகச் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 20 டன்னை நெருங்கும். இந்த இழுப்புக்காகத்தான் வார்ப்பிரும்புச் சட்டம் வந்தது. பாஸ்டனில் ஆல்ஃபியஸ் பாப்காக் அதற்குக் காப்புரிமை பெற்றது 1825இல். ஆனால் இரும்பு பாரத்தைத்தான் தாங்கும். நாதத்தைத் தருவது தந்திகளுக்கு அடியிலுள்ள ஸ்ப்ரூஸ் மரப்பலகை. ஒரு சென்டிமீட்டர்கூடக் கனமில்லாதது. ஈரம் குடித்தால் அது உப்பித் தந்திகளை மேலே தள்ளும், சுருதி ஏறும். காய்ந்தால் இறங்கும். அதுவும் எல்லாத் தந்திகளிலும் ஒரே அளவாக அல்ல. காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 40இலிருந்து 50க்குள் நிற்கவேண்டும் என்பது மேல்நாட்டுக் கணக்கு. சென்னை ஐப்பசி, கார்த்திகையில் 80ஐத் தாண்டிவிடும். தந்தி துருப்பிடிக்கும், கட்டைகள் ஊதி ஒன்றோடொன்று சிக்கும், சுத்தியலின் கம்பளியைப் பூச்சி அரிக்கும், பசை இளகித் தந்தத் தகடுகள் கழலும். உஷ்ணப் பிரதேசத்துக்கென்று செய்த பியானோக்களில் தகடுகளைப் பித்தளை ஆணியால் இறுக்கி அனுப்பினார்கள். இங்கே வாங்கியவர்கள் பெட்டிக்குள் ஒரு சின்ன பல்பை இரவும் பகலும் எரியவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் மேல், சுருதி கூட்ட ஒருவர் வரவேண்டும். வருஷத்தில் இரண்டு தடவையாவது. தம்பூராவைக் கூட்டுகிறவன் அலைவு அடங்குகிறவரை பிரடையைத் திருகுகிறான். பியானோவைக் கூட்டுகிறவன் ஒவ்வொரு பஞ்சமத்தையும் அரை ஸ்வரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு குறைத்து வைத்து, எழும் அலைவை எண்ணி, அதை அப்படியே விட்டுவிட வேண்டும். தெரிந்தே செய்கிற பிசகு. நம் காது படித்ததற்கு நேர் எதிரான படிப்பு அது. சென்னையில் 1842இல் மிஸ்க்வித் தொடங்கிய கடை, பின்னால் மவுண்ட் ரோட்டில் மியூசி மியூசிகல் ஆனது, இந்த வேலையையும் செய்துவந்தது. ஆனால் ஒரு கடை ஒரு பரம்பரை ஆகாது. விலைதான் தடை என்பவர்கள் உண்டு. விலை கொடுக்க முடிந்த ஜமீன் வீடுகளிலும் அது கடைசியில் போட்டோ வைக்கிற மேஜையாகத்தான் ஆயிற்று.

நம் வாத்தியங்கள் சீதோஷ்ணத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. வீணையின் 24 மெட்டுகள் மெழுகில் நிற்கின்றன. மெழுகு தளர்ந்தால் மேளம் கட்டுகிறவர் மறுபடி வைத்துத் தருவார். மிருதங்கக்காரர் கச்சேரிக்குக் கச்சேரி தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறார். நாகஸ்வரத்தில் மாற்றுச் சீவாளிகள் கூடவே தொங்குகின்றன. கெடும் என்பதை ஒப்புக்கொண்டு செய்யப்பட்ட கருவிகள். சரிசெய்கிறவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை.

நான் இருக்கிற ஐயம்பேட்டையில் இதை விளக்கத் தேவையில்லை. இங்கே தறியும் இழுத்துக் கட்டிய இழைகளும் ஈரமும்தான் விஷயம். அடைமழையில் குழியில் தண்ணீர் ஊறும், பாவு ஈரம் குடிக்கும், வேலை நிற்கும். பாவு பிணைக்கிறவரும் அச்சு கட்டுகிறவரும் இல்லாமல் நெசவு இல்லை. இந்தத் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியும் பியானோவைப் போல வெளிநாட்டுச் சரக்கு. லியோன் நகரத்துப் பட்டுத்தறிக்காக ஜக்கார் 1804இல் செய்தது. காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு 20ஆம் நூற்றாண்டில் வந்தது. வந்த பிறகு அட்டை குத்துகிறவர் இங்கேயே உண்டானார். பெட்டியைப் பிரித்துப் பூட்டத் தச்சர் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து அது அந்நியமல்ல.

பியானோவும் கடைசியில் வந்து சேர்ந்தது, வேறு உருவத்தில். 1980களுக்குப் பிறகு பரவிய மின்கீபோர்டில் ஸ்வரங்கள் அதேபோலத் தனித்தனியாகத்தான் நிற்கின்றன. ஆனால் அதற்கு மரப்பலகை இல்லை, தந்தி இல்லை, சுருதி கூட்ட ஆள் வேண்டாம். திருவிழா மெல்லிசை மேடையிலும் சிற்றூர்ச் சர்ச்சிலும் இன்று அது இருக்கிறது; அநேகமாக அதன் முதல் எண்ணில் வைத்திருப்பது பியானோவின் நாதம். பராமரிப்பின் பாரம் கழன்றதும் கமகத் தடை எங்கே போயிற்று?

சங்கீத சரித்திரங்கள் வாசித்தவரையும் வாங்கிக்கொடுத்தவரையும் எழுதுகின்றன. கூட்டியவரை எழுதுவதில்லை. இலக்கியத்திலும் இதையே செய்கிறோம். நாவல் எப்போது வந்தது, வசன கவிதையை யார் கொண்டுவந்தார் என்று தர்க்கிக்கிறோம். வந்தது எதனால் தங்கியது என்று கேட்பதில்லை. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கியது முக்கியமாக விமர்சனத்துக்காக. புதுக்கவிதை அங்கே தங்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அலைவை எண்ணிச் சொல்ல அங்கே ஆள் இருந்தார்கள்.