எக்ரோன் நகரத்து எண்ணெய் ஆலைகள்

எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்துப் பழகியோர்க்கு ஒலிவ எண்ணெய் சற்றுப் புதுமையானதே. எள்ளில் எண்ணெய் வித்தினுள் உறைகின்றது. ஒலிவத்திலோ பெரும்பகுதி பழத்தின் சதையிலேயே உள்ளது. ஆதலின் பழத்தை நசுக்கிப் பிழிந்தாலே போதும். இத்தொழிலால் ஒரு நகரம் உயர்ந்ததும் உண்டு. அதுவே பெலிஸ்தரின் எக்ரோன்.

எருசலேமுக்கு மேற்கே, ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவில் அந்நகரம் இருந்தது. கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் அதனைத் தன் ஆணைக்குள் கொணர்ந்தான். அடுத்த நூற்றாண்டில் நகரம் பன்மடங்கு விரிந்தது. 1981 முதல் 1996 வரை அங்கே ஆராய்ந்த அறிஞர், நூற்றுக்கு மேற்பட்ட எண்ணெய்ப் பொறிகளின் எச்சங்களைக் கண்டனர்.

ஒவ்வொரு பொறிக்கும் நடுவே ஒரு நீள்சதுரக் கற்தொட்டி. அதன் இருபுறமும் பிழிதொட்டிகள். நடுத்தொட்டியில் பழத்தைப் பரப்பி, உருளைக்கல்லால் நசுக்கினர். நசுங்கிய கூழை நார்க்கூடைகளில் இட்டுப் பிழிதொட்டியின்மேல் அடுக்கினர். நீண்ட மரத்தண்டு ஒன்றின் ஒரு நுனியைச் சுவரிலே செருகி, கூடைகளின்மேல் கிடத்தி, மறுநுனியில் துளையிட்ட பெருங்கற்களைத் தொங்கவிட்டனர். பாரம் மெல்ல மெல்ல இறங்க, எண்ணெயும் கரிய நீரும் கலந்து வடிந்தன. சிறிது நேரம் அசையாது விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், அதனை மொண்டெடுப்பர்.

அறுவடை முடிந்தபின் சில திங்களே இவ்வேலை நடக்கும். எஞ்சிய காலத்தில் அவ்வறைகள் வெறுமையாய்க் கிடக்கவில்லை. நெசவுத்தறிக்குரிய களிமண் குண்டுகள் அங்கே கிடைத்தமையால், எண்ணெய் பிழிந்த இடத்திலேயே துணியும் நெய்தனர் என்பர். உழைப்போரை ஆண்டு முழுவதும் ஓயவிடாத ஏற்பாடு அது!

இவ்வளவு எண்ணெயும் உள்ளூரார்க்கு மட்டும் அன்று. மெசொப்பொத்தாமியச் சமவெளியில் எள்ளெண்ணெயே வழக்கு. எகிப்திலும் ஒலிவம் அரிது. பேரரசின் அமைதியும் வணிகப் பாதைகளுமே எக்ரோனின் சந்தையைத் திறந்து வைத்தன. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அசீரியர் பின்வாங்கியதும் உற்பத்தி சுருங்கியது. பொறிகள் சில பயனற்றுப்போயின. நகரத்தார் தொழிலை மறந்தாரல்லர், வாங்குவோரே குறைந்தனர்.

கி.மு. 604 அளவில் பபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் படையெடுத்து நகரை எரித்தான். மரத்தண்டுகள் அழிந்தன, கற்தொட்டிகளும் பாரக்கற்களும் மண்ணுக்குள் நிலைத்தன. 1996இல் கிடைத்த கல்வெட்டொன்று எக்ரோன் என்ற பெயரையும், அதன் அரசர் ஐவரின் பெயர்களையும் தாங்கி நின்றது. பொறிகளில் உழைத்தோர் பெயர் ஒன்றேனும் அதில் இல்லை.