பவுனும் பாட்டாளியும்

பொன்னை நிறுக்குங்கால் நம் மக்கள் வழங்கும் பவுன், சவரன் என்னும் இரு சொற்களும் தமிழ்ச் சொற்கள் அல்ல. முன்னது ஆங்கிலேயர் பணக்கணக்கின் பெயர். பின்னது 1489-ஆம் ஆண்டு ஏழாம் ஹென்றி மன்னன் முதன்முதல் வெளியிட்ட பொற்காசின் பெயர். பிறநாட்டான் காசு நம்மிடம் எடைக்கே பெயராய் நின்ற வரலாறு ஆராயத்தக்கது.

ஐரோப்பியப் பொன் நமக்குப் புதியதன்று. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிட்டிய புதையலில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின்மீது உளி வெட்டுண்டு. முகத்தை விடுத்துப் பொன்னையே மதித்தனர் போலும்!

இன்று நாமறிந்த சவரன் 1817-இல் தோன்றியது. ஒருபுறம் அரசன் தலை. மறுபுறம் பிஸ்துருச்சி என்னும் இத்தாலியச் சிற்பி வடித்த, குதிரைமீதிருந்து பாம்பரக்கனைக் கொல்லும் ஜார்ஜ் அடியார். இருபத்திரண்டு காரட் பொன். எட்டுக் கிராமுக்குச் சற்றே குறைந்த எடை.

பேராக் நாட்டு இரப்பர்த் தோட்டங்களில் இக்காசின் மதிப்பு யாது? 1906-இல் வகுத்த கணக்கின்படி ஏழு பவுனுக்கு அறுபது வெள்ளி. 1920-களின் பிற்பகுதியில் மலாய் நாட்டின் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும், ஒரு பவுனுக்கு ஆண் பதினேழு நாளும் பெண் இருபத்தொரு நாளும் பால் வெட்டவேண்டும். ஒரே பொன், பெண்ணுக்கு மட்டும் விலை மிகுதி!

காசு சேகரிப்போர் ஆண்டையும் அச்சுச்சாலைக் குறியையும் தேடுவர். பம்பாயில் 1918-இல் மட்டும் அடித்த சவரனில் ஆண்டின்மேல் நிற்கும் 'ஐ' என்னும் சிற்றெழுத்தை அவர்கள் விரும்பிக் காண்பர். மாலையில் கோப்பதற்கு வளையம் பற்றவைத்த காசையோ பழுதென்று விலை குறைப்பர். நாம் அதனைப் பழுதென்னோம். வங்கி எட்டாத பெண்ணொருத்தி தன் உழைப்பைக் காத்த சான்று அவ்வளையம்.

ஆயினும் அக்காசுமாலை அவளுடையதாகவே இருந்ததா? சீதனமாய்ப் பிறர் கைக்குப் போயின், அவள் உழைப்பே அவளுக்கு விலங்காயிற்றன்றோ? தனித்தனிப் பொன் தோட்டத்தைக் காக்கவும் இல்லை. 1950-களில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது தொழிலாளர் வீடும் வேலையும் இழந்தனர். அப்பொழுது, பேராக்கின் சுங்கை சிப்புட்டிற் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் திங்கள்தோறும் செலுத்திய பத்து வெள்ளி ஒன்றுதிரண்டு தோட்டங்களையே வாங்கிற்று.

கழுத்திற் கிடந்த பவுன் ஒரு குடும்பத்தின் ஒரு துன்பநாளைக் கடத்தும். கூடிச் சேர்த்த வெள்ளியோ நிலமாகும். பாட்டி விட்டுச்சென்ற காசை எடைபோடும் இளைஞர் இரண்டையும் நினைவிற்கொள்வாராக.